வயலில் இறங்கிய யானை

யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், சிறுநிலத்து விளைச்சலும் பன்னாள் வரும். யானையே வயலில் இறங்கினால், அஃது உண்பதினும் மிதித்தழிப்பதே மிகுதி. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரிமுறை பற்றிக் கூறிய அறிவுரை இது. அவ்வறிவு தில்லி ஆட்சியாளர்க்கு இன்றளவும் வாய்க்கவில்லை என்பதற்கு, இணையவழி விற்கும் சிறுவணிகர் படும் பாடே சான்று.

அச்சிட்ட நூலுக்குச் சரக்கு-பணி வரி இல்லை. எழுதுகோலுக்கு 18 விழுக்காடு. பதிவு பெற்ற கடையொன்று 200 உருபா நூலையும் 50 உருபா எழுதுகோலையும் தனித்தனியே விற்றால், வரி 9 உருபாவே. பொங்கற் பரிசென இரண்டையும் ஒரே பொதியாக்கி, வரி நீங்க 250 உருபா என ஒற்றை விலை குறித்துவிட்டாலோ, வரி 45 உருபா! எழுதுகோலின் வரி நூலின்மேலும் ஏறிக்கொள்கின்றது. இயல்பாக இணையாத பொருள்களை ஒரே விலைக்கு விற்பது 'கலப்பு வழங்கல்' எனப்படும். உள்ளிருப்பவற்றுள் எதற்கு வரி மிகுதியோ, அதனையே முழுப்பொதிக்கும் இடுகின்றது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. 'ஒன்று வாங்கினால் ஒன்று விலையின்றி' என்று அறிவித்தாலும் தப்ப வழியில்லை. அஃது இரண்டுக்கும் சேர்த்த ஒற்றை விலையே என்கின்றது 2019-இல் வந்த சுற்றறிக்கை.

கேடு இத்துடன் நிற்கவில்லை. வரியில்லா நூல்களை மட்டும் விற்பவர் பதிவு செய்யவே வேண்டுவதில்லை. எழுதுகோலையும் சேர்த்துத் தம் சொந்த இணையக்கடை வழியே தமிழ்நாட்டுக்குள் விற்பவர்க்கும், ஆண்டு விற்றுமுதல் 40 இலக்கம் உருபா வரை பதிவுக் கட்டாயமில்லை. ஆனால், கடலூர்க் கடைக்காரர் அதே பொதியை அருகிலுள்ள புதுச்சேரித் தமிழர் ஒருவர்க்கு அனுப்பினால், அஃது எல்லை கடந்த விற்பனை. முதல் உருபாவிலேயே பதிவு கட்டாயம். பேச்சும் உறவும் ஒன்றாயிருக்க, இடையில் வரிவேலி!

1939-இலேயே பொது விற்பனை வரிச் சட்டம் கண்டது சென்னை மாகாணம். 2017 சூலை 1 முதல் அவ்வுரிமையின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. வரி விழுக்காட்டைப் பரிந்துரைக்கும் மன்றத்தில், முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மூன்றிலொரு பங்கு வாக்கோ நடுவணரசின் கையில். மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுபட்டு நின்றாலும், தில்லி இசையாமல் ஒன்றும் நிறைவேறாது. இதற்குப் பெயர் கூட்டாட்சியாம்!

பொதியிலுள்ள ஒவ்வொரு பொருளின் விலையும் விலைச்சீட்டில் தனித்தனியே காட்டப்பெற்றால், அதனதற்குரிய வரியே கொள்ளப்படும் எனச் சட்டம் ஐயமறத் திருத்தப்பெறல் வேண்டும். அதுவரை, ஒற்றை விலைப் பொதியைத் தவிர்த்து, பொருள்தோறும் தனி விலை வைத்து விற்பதே தமிழ் வணிகர்க்குக் காப்பு. அச்சீட்டு தமிழில் அமைதல் கடமை.

கவளம் கொடுக்க வணிகர் மறுக்கவில்லை. வயலை மிதிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.