கிட்டத்தில் ஒரு கரை இருக்க

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். "உயிருக்கு அஞ்சி ஓடுபவனுக்கு அந்தக் கரை போதாதா? அதை விட்டு நாலு நாடு சுற்றிக் கனடா வரை போகிறவனை அகதி என்று எப்படி ஏற்பது?" என்று நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார். அவர் கேட்டது ஏளனமாக அன்று, உண்மையிலேயே விளங்காமல்தான். நம்மில் பலருக்கும் உள்ளூர இருக்கும் கேள்வி என்பதால் இங்கே எழுதத் தோன்றியது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒரு விசித்திரம் உண்டு. அது தரும் பாதுகாப்பு, ஒருவர் இன்னொரு நாட்டின் மண்ணை அடைந்த பிறகே தொடங்குகிறது. அந்த மண்ணை அடையும் வழியைப் பற்றி அது பேசுவதில்லை. தஞ்சம் கோருவதற்கென்று விசா கொடுக்கும் வழக்கம் பொதுவாக எந்த நாட்டிலும் கிடையாது. ஆக, கால் பதித்தவனுக்கு உரிமை உண்டு; கால் பதிக்கத்தான் அனுமதி இல்லை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1983 கலவரத்துக்குப் பின் தமிழர்கள் இலண்டனுக்கு வரத் தொடங்கியதும், 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள்மீது அது அவ்வாறு விசா விதித்தது அதுவே முதல்முறை. 1987இல் மற்றொரு சட்டம் வந்தது. உரிய ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் அவரை ஏற்றிவந்த நிறுவனம் அப்போது 1,000 பவுண்டு செலுத்தவேண்டியிருந்தது. அன்றிலிருந்து தஞ்சக் கோரிக்கையின் முதல் நீதிபதி, விமான நிலையத்தில் பயணச்சீட்டைப் பார்க்கும் ஊழியர்தான். அவர் கேட்பது விசா இருக்கிறதா என்பதை மட்டுமே. உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை அன்று.

நேர்வழி அடைபட்டால் மனிதர்கள் வளைந்து போவார்கள். எண்பதுகளில் கிழக்கு பெர்லின் அப்படி ஒரு வளைவாக இருந்தது. அங்கே விமானத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போய்விடலாம். அந்தக் கோட்டை நாட்டெல்லையாக ஏற்க மறுத்த மேற்குத் தரப்பு அங்கே கடவுச்சீட்டைச் சோதிக்கவில்லை. ஐரோப்பாவாழ் ஈழத்தமிழரின் பேச்சில் 'அசூல்' என்ற ஜெர்மன் சொல் வேர்விட்டது இப்படியான வருகைகளால்தான். 1985இல், மேற்கு ஜெர்மனியின் விசா இல்லாத தமிழருக்கு அந்த வழியும் மூடப்பட்டது.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மீட்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். பிறகுதான் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியது தெரியவந்தது. பொய்யர்கள் என்று பலர் கொதித்தனர். பொய் பொய்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் பிறந்த பொய் அது. கனடா அவர்களைத் தங்க அனுமதித்தது.

இனி, நண்பரின் 30 கிலோமீட்டருக்கு வருவோம். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடன்று; தாய்லாந்தும் அன்று. தனுஷ்கோடிக் கரையேறியவர்கள் கோழைகளோ ஏமாளிகளோ அல்லர். தமிழகம் அவர்களுக்குச் சோறும் கூரையும் கல்வியும் தந்தது. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் நாற்பதாண்டுகள் கடந்தும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் முகாம்களில் வாழ்கின்றனர். 2021இல் முகாமின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்றானது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பெரும்பாலோருக்குக் குடியுரிமை வாய்க்கவில்லை. 2010இல் தாய்லாந்திலிருந்து 'சன் சீ' என்ற பழைய கப்பலில் பசிபிக்கைக் கடந்து கனடாவை அடைந்த 492 தமிழர்களுக்கு, அருகில் கரைகள் இருப்பது தெரியாமல் இல்லை. அந்தக் கரைகளில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதும் தெரிந்திருந்தது.

மறுதரப்பிலும் நியாயம் இருக்கிறது. வருகிறவர் எல்லோரும் உயிருக்கு அஞ்சி வருபவர் அல்லர். ஏஜென்சிக்காரர்கள் இதில் கொழுத்திருக்கிறார்கள். விரும்பிய நாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை உடன்படிக்கை எவருக்கும் வழங்கவில்லை. ஆனால் முதலில் கால்வைத்த நாட்டிலேயே தஞ்சம் கேட்டாகவேண்டும் என்றும் அது கட்டளையிடவில்லை. ஏஜென்சிக்காரரின் தொழிலைப் பெருக்கியதும் மூடிய கதவுகள்தாம். விமானச்சீட்டின் விலையில் முடிந்திருக்கவேண்டிய பயணத்துக்குக் காணியை ஈடுவைத்துக் கடன்படுகிறவன், சுகம் தேடி அந்தச் சுற்றுவழியைத் தேர்ந்தான் என்பது அறிவுக்குப் பொருந்துவதாக இல்லை.

நண்பரிடம் சொன்னேன்: அகதி வந்த வழியின் நீளம் அவனுடைய பேராசையின் அளவு அன்று. அதில் எத்தனை வளைவுகள் உண்டோ, அத்தனை இடங்களில் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அவன் ஏன் இவ்வளவு தூரம் வந்தான் என்று கேட்பதற்கு முன், கிட்டத்தில் இருந்த கரை அவனுக்கு என்ன தந்தது என்று நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். அந்தக் கரையில் இருப்பவர்கள் நாம்தாம்.