கஞ்சாச் செடியும் கழிவறைக் காகிதமும்

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். :-) விஷயம் சட்டப்படியானதுதான். என் மேஜைக்கு ஒரு லோன் அப்ளிகேஷனாக வந்தது.

ஹல்த்வானிக்கு மாற்றலாகி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது இந்தச் செடிதான். ரயில் காட்கோதாமோடு நின்றுவிடும், அதற்கு மேல் மலை. மலை ஏற ஏற ரோட்டோரம், இடிந்த வீட்டு முற்றம், குப்பைமேடு எல்லா இடத்திலும் நம்ம ஊர் எருக்கஞ்செடி மாதிரி மண்டிக் கிடக்கும். குமாவுன்காரர்கள் இதன் விதையை வறுத்து அரைத்து 'பாங் கி சட்னி' செய்வார்கள். போதை கீதை எதுவும் கிடையாது. எள்ளுத் துவையலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டை உரித்து நார் எடுத்துக் கயிறு திரிப்பதும் பழைய வழக்கம்.

வந்தவர் சம்பாவத் பக்கத்து மலைக் கிராமத்துப் பையன். குர்காவில் ஆறு வருஷம் வேலை பார்த்து, 2020 லாக்டவுனில் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அறுபது பக்க புராஜெக்ட் ரிப்போர்ட். அட்டையில் கனடாவில் வெட்டிச் சாய்த்த காடு. உள்ளே திட்டம்: ஹெம்பிலிருந்து டாய்லெட் பேப்பர். மரம் வெட்ட வேண்டாம், நாலே மாதத்தில் அறுவடை, ஒரு ஏக்கர் ஹெம்ப் நாலு ஏக்கர் காட்டுக்குச் சமம்.

படிக்க வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, என்ன ஃபைல் என்று கேட்க, பெண் விளக்கினாள். "கஞ்சாச் செடியில பேப்பர் பண்றாங்களாம் ஆச்சி, பாத்ரூம்ல தொடைக்கறதுக்கு." அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "ஏன், தண்ணி கெடையாதா அந்த ஊர்ல?"

அம்மா கேட்டது சரியான கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ரிப்போர்ட்டுக்கு நியாயம் செய்ய வேண்டும்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. அகராதியில் ஹெம்ப் என்று தேடினால் 'சணல்' என்று வரும். நாம் சணல் சாக்கு என்பது வங்காளத்து ஜூட், அது வேறு செடி. வயலில் பசுந்தாள் உரத்துக்குப் போடும் சணப்பு இன்னொரு செடி. மணிலா ஹெம்ப் என்பதோ வாழைக்குச் சொந்தக்காரன். 1857இல் அமெரிக்காவில் ஜோசப் கயெட்டி என்பவர் முதன்முதலாகப் பாக்கெட்டில் போட்டு விற்ற கழிவறைக் காகிதம் இந்த மணிலா ஹெம்பில் செய்தது. ஆக, பெயரளவில் ஹெம்ப் டாய்லெட் பேப்பருக்கு நூற்றைம்பது வயசுக்கு மேல் ஆகிறது! நாம் பேசும் ஹெம்ப், கஞ்சா இனத்திலேயே போதைச்சத்து மிகக் குறைந்த வகை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 14ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி தர வழி விட்டிருக்கிறது. அதன்படி 2018இல் நாட்டிலேயே முதலில் லைசென்ஸ் கொடுத்தது உத்தராகண்ட்தான். போதைச்சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலையில் தானாக முளைக்கும் செடி பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். விதையை எங்கிருந்து வாங்குவது என்பதே முதல் தலைவலி.

கனடாக் காடு பற்றிய கோபம் நியாயமானது. அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலக மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் அமெரிக்கர்கள் உலக டிஷ்யூவில் 20 சதவீதத்துக்கு மேல் உபயோகிக்கிறார்கள். கனடாவின் வடகாட்டு மரம் கூழாகி, ஒரே ஒரு தடவை துடைத்து, ஃப்ளஷ்ஷில் போகிறது. கொடுமைதான். ஆனால் இங்கே கதை வேறு. இந்தியக் காகித ஆலைகளுக்குப் போகும் மரத்தில் பெரும்பகுதி விவசாயி வயலிலும் வரப்பிலும் நட்டு விற்கும் யூகலிப்டஸ், சுபாபுல் மாதிரியானவை. இங்கிருந்து பக்கத்தில் லால்குவானில் இருக்கும் பெரிய ஆலை மரத்தோடு கரும்புச் சக்கையிலும் காகிதம் செய்கிறது. சம்பாவத்தில் ஹெம்ப் பேப்பர் செய்து கனடாவில் ஒரு மரத்தைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது அந்த 'ஒன்றுக்கு நாலு'. எங்கிருந்து வந்தது என்று தேடினேன். (அப்ரைசல் செய்து செய்து வந்த வியாதி.) அமெரிக்க விவசாயத் துறை 1916இல் போட்ட 404ஆம் எண் புல்லட்டின். பத்தாயிரம் ஏக்கர் ஹெம்ப், சராசரிக் கூழ்மரக் காடு 40,500 ஏக்கருக்குச் சமம் என்று அதில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசியது நாரைப் பற்றி அல்ல. நார் உரித்த பிறகு மிஞ்சும் தண்டுச் சக்கையைப் பற்றி. அன்றைக்கு அங்கே நாருக்காக ஹெம்ப் பயிராகிக்கொண்டிருந்தது, சக்கை வீணாகப் போனது, அதைக் காகிதமாக்கலாமே என்றார்கள். அதாவது முதலில் நார்த்தொழில் வேண்டும். சக்கை அதன் பின்னால் வருவது.

நம்ம ஊரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கரூர் பக்கம் புகளூரில் டி.என்.பி.எல். தமிழக அரசு 1979இல் ஆரம்பித்த கம்பெனி, கரும்புச் சக்கையில் காகிதம். அது ஏன் ஓடுகிறது? கரும்பு சர்க்கரைக்காக எப்படியும் ஆலைக்கு வந்தாக வேண்டும். வெட்டுக்கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் சர்க்கரைக் கணக்கில் போய்விடும். சக்கை ஒரே இடத்தில் மலையாகக் குவியும். ஆலைக்காரர்கள் அதை எரித்துக்கொண்டிருந்தார்கள். எரிக்க வேறு எரிபொருளைக் கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொண்டார்கள். பண்டமாற்று. சம்பாவத்தில் அந்தச் சர்க்கரை ஆலை எங்கே?

ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினம் 5 டன், வருஷம் 300 நாள். இது சின்ன யூனிட்தான். 1,500 டன் கூழ் வேண்டும். சக்கையிலிருந்து கிடைக்கும் கூழ் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தால் சுமார் 4,200 டன் சக்கை. 1916 புல்லட்டின் கணக்குப்படி ஏக்கருக்கு இரண்டரை அமெரிக்க டன் சக்கை. அதை நம்பினாலும் 750 ஹெக்டேர் பயிர் வேண்டும். இங்கே நிலத்தை நாலியில் அளப்பார்கள், ஐம்பது நாலி ஒரு ஹெக்டேர். ஆக 37,500 நாலி. குடும்பத்துக்கு இருபது நாலி என்றாலும் 1,875 குடும்பங்கள் மண்டுவா, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதையே போட வேண்டும். அதுவும் படிக்கட்டு வயல்களில். டிராக்டர் ஏறாது. தண்டு எடை கம்மி, அடைசல் ஜாஸ்தி. லாரியில் காற்றைத்தான் ஏற்றி இறக்குவோம்.

இதற்கு மேல் காஸ்டிக். தண்டைக் கூழாக்க ரசாயனத்தில் வேகவைத்தால் கருஞ்சாறு வரும். பெரிய ஆலைகள் அதைக் காய்ச்சி எரித்து ரசாயனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தப் பிளாண்டின் விலை சின்ன யூனிட்டுக்குக் கட்டவே கட்டாது. கங்கைப் படுகையில் வைக்கோலும் சக்கையும் வேகவைத்த சின்ன ஆலைகள் ஆற்றைப் பாழாக்கியதற்குக் காரணமே இதுதான். காட்டைக் காப்பாற்றக் கிளம்பி ஆற்றில் கருஞ்சாறு விட்டால், ரிப்போர்ட் அட்டையில் வேறு படம் போட வேண்டியிருக்கும்.

சரி, சக்கை வேண்டாம், நாரிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். அங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. பாய்மரக் கப்பலுக்குக் கயிறு திரித்த நார் இது. நனைந்தாலும் அறாது என்பது அதன் பெருமை. சிகரெட் பேப்பர், பைபிள் பேப்பர் என்று மெல்லிசாக இருந்தாலும் கிழியக் கூடாத காகிதத்துக்குப் போடுவார்கள். மரக்கூழைவிடப் பல மடங்கு விலை. கழிவறைக் காகிதத்துக்கு வேண்டியதோ நேர் எதிர். தண்ணீரில் விழுந்ததும் கரைய வேண்டும், இல்லாவிட்டால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். நம்ம ரூபாய் நோட்டு பருத்தியில் செய்தது. சட்டைப் பையோடு துவைத்தாலும் பிழைத்து வரும். (என் வீட்டில் மாதம் ஒரு தடவை இந்தச் சோதனை நடக்கும்.) அந்தத் தாளில் மூக்குச் சிந்தினால் எப்படி இருக்கும்?

காகித நாருக்கும் ஆயுள் உண்டு. நோட்டுப் புத்தகம், பழைய பேப்பர், அட்டைப்பெட்டி என்று நாலைந்து பிறவி எடுத்தபின் நார் குட்டையாகித் தளர்ந்துவிடும். அதற்குக் கடைசிப் பயணம் டிஷ்யூவாக இருக்கட்டும். மறுசுழற்சிக் காகிதத்தில் செய்த டிஷ்யூவின் கரியமில வெளியீடு, புதுக் கூழில் செய்ததில் மூன்றில் ஒரு பங்குதான் என்று அதே என்.ஆர்.டி.சி. அறிக்கை சொல்கிறது. காகிதம்தான் வேண்டும் என்பவர்கள் அதை வாங்கலாம். மூங்கில், ஹெம்ப், இலைப் படம் எல்லாம் போட்ட உறைக்கு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது அம்மாவின் கேள்வி. வெளியூரில் இருக்கும் நம்ம வீடுகளில் இது மெல்ல மாறிவருவதைப் பார்க்கிறேன். டில்லி, பம்பாய் ஃபிளாட்டுகளில் குழந்தைகள் ரோல் கேட்கிறார்கள். மக் இருந்தால் பட்டிக்காடாம். சங்கிலி போட்ட ரயில் மக்கைப் பார்த்து வளர்ந்த நமக்குக்கூட விருந்தாளி வந்தால் மக்கைக் கதவுக்குப் பின்னால் தள்ளத் தோன்றுகிறது. ஹல்த்வானி ஜனவரியில் காலை ஆறு மணிக்கு அந்தத் தண்ணீரைத் தொட்டவன் என்ற முறையில் காகிதத்தின் கவர்ச்சி எனக்கும் புரியும். மலையில் தண்ணீர் கஷ்டம் என்பதும் நிஜம். நௌலா என்று கல் கட்டிய பழைய ஊற்றுகள் பல வற்றிவிட்டன. ஆனாலும் கழுவ ஆவது அரை லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர். அதற்குப் பிறகு ஃப்ளஷ் இழுத்தால் போவது ஆறிலிருந்து பத்து லிட்டர், துடைத்தாலும் அதேதான். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஃப்ளஷ் தொட்டி. பிறகு அந்தக் காகிதத்தைச் செய்யவும் எங்கோ ஒரு ஆறு தண்ணீர் கொடுத்திருக்கிறது.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஹெம்ப் வேண்டாம் என்று சொல்லவில்லை. விதையைப் பிடியுங்கள் என்றேன். 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக அனுமதித்துவிட்டது. மலைக்காரர்களுக்குக் கைவந்த சரக்கு. சின்னதாக ஒரு எண்ணெய்ச் செக்கு, பாக்கெட் போடும் மெஷின். ஊர்ப் பெண்கள் நார் திரித்தால் பை, பாய் என்று பத்து வருஷம் உழைக்கும் பண்டம். இதற்கு என் அதிகாரத்திலேயே லோன் கொடுக்க முடியும். பேப்பர் யூனிட்டுக்கு அவர் அப்பாவின் நிலமும் வீடும் அடமானமாக வரும். மூன்றாவது வருஷம் அதை ஏலம் விடும் நோட்டீசில் நானோ எனக்கு அடுத்து வருபவரோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. "சார், எண்ணெய்ச் செக்கு வெச்சு நாலு பேருக்கு வேலை குடுக்கலாம். ஃபேக்டரி வந்தாதான் ஊர் திரும்பும்" என்றார். 2011 சென்சஸிலேயே அல்மோரா, பௌரி இரண்டு மாவட்டங்களிலும் ஜனத்தொகை குறைந்திருந்தது. பூட்டிய வீடுகளை வரிசையாகப் பார்த்து வளர்ந்தவர் அவர். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "நீங்களும் ஊரை விட்டு வந்தவர்தானே சார். திரும்பிப் போறதுன்னா நீங்களும் இவ்வளவு கணக்குப் பாப்பீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்பாசமுத்திரத்து வீட்டுச் சாவி இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாமியிடம் இருக்கிறது. இந்த மார்கழிக்கும் போக லீவு கிடைக்கவில்லை.

ஃபைலை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு பேங்க் பார்க்கலாம், யாராவது கொடுக்கவும் கொடுக்கலாம். செக்குக்கு ருத்ரபூரில் இரண்டு இடத்தில் கொட்டேஷன் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கஸ்டமர் கேட்காமல் நான் இதுவரை செய்யாத வேலை. மேஜை டிராயரில்தான் இருக்கிறது, அவர் வந்தால் காட்ட.