கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆனால் ஃபார்மட்தான் ஒரே தீர்வா? கடைக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை!

மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கமோ இருக்கும் ஒரு சர்வீஸ் கடையில் போய், "அண்ணே, லேப்டாப் திடீர் திடீர்னு அப்படியே நின்னுருது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "ஃபார்மட் அடிச்சிருவோம் தம்பி, சரியாயிரும்" என்பதுதான்.

இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் மறுபடியும் நிற்கும். இதற்குள் கல்லூரி மாணவியின் புராஜெக்ட், மளிகைக்கடைக்காரரின் ஜிஎஸ்டி கணக்கு, வீட்டுக் கல்யாண போட்டோ என ஏதோ ஒன்று போயிருக்கும். போனது அது மட்டுமல்ல. கம்ப்யூட்டர் ஏன் நின்றது என்பதற்கான சாட்சியமும் சேர்ந்தே அழிந்திருக்கும்.

சாட்சியம் எங்கே இருக்கிறது?

விண்டோஸ் தனக்கு நடந்ததை எல்லாம் குறித்து வைக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால், எந்த நாளில் எந்த மென்பொருள் விழுந்தது, அதற்கு முன் என்ன அப்டேட் ஏறியது என்பது தேதிவாரியாக வரும். இன்னும் விவரம் வேண்டுமென்றால் 'ஈவென்ட் வியூவர்' இருக்கிறது.

இங்கே பலரும் ஏமாறுவது 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைப் பார்த்துத்தான். சிவப்பு நிறத்தில் இருப்பதால் "இதுதான் காரணம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில், முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நீங்களே அணைத்திருந்தாலும் அது வரும். பார்க்க வேண்டியது அதற்குச் சற்று முன் பதிவானவற்றை. அங்கே டிஸ்க் சம்பந்தமான 7, 129, 153 போன்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால், சந்தேகம் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி அல்லது அதன் கேபிள் மேல் விழ வேண்டும். அந்த நிலையில் முதல் வேலை டேட்டாவை வேறு இடத்துக்கு காப்பி எடுப்பது. ஃபார்மட் போடுவது அல்ல.

நிற்கும்போதே செய்ய வேண்டிய சோதனை

திரை உறைந்ததும் கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு மென்பொருளோ கிராஃபிக்ஸ் டிரைவரோ மாட்டிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் கீகளோடு 'பி'யைச் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். விளக்கே அசையவில்லை என்றால் கோளாறு இன்னும் ஆழத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்: ரேம், சூடு, மின்சாரம், பயாஸ்.

மதுரையின் சித்திரை வெயிலையும் புழுதியையும் கணக்கில் சேர்க்காமல் இந்தப் பட்டியல் முடியாது. ஃபேனில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்து போன மெஷினுக்கு எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும் சூடு குறையாது. மதியம் மட்டும் நிற்கிறதா, வீடியோ ஓடும்போது நிற்கிறதா, சும்மா இருக்கும்போது நிற்கிறதா என்று ஒரு வாரம் நோட்டில் நேரத்தோடு எழுதி வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கே தண்ணி காட்டியவை

இன்டெல்லின் 'பே டிரெயில்' சிப் உள்ள கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் காரணமே தெரியாமல் உறைந்தன. 2015-ல் பதிவான அந்தப் புகார் பல ஆண்டுகள் நீண்டது. சிப் ஓய்வெடுக்கும் ஆழமான தூக்க நிலைகளைத் தடுத்தால் உறைவது நின்றது என்று பயனர்கள் கண்டறிந்தார்கள். ரைசன் சிப் உள்ள சில கம்ப்யூட்டர்கள் விண்டோஸில் விட்டு விட்டுத் திணறியதை 2022-ல் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. காரணம், ஃபர்ம்வேரில் இருந்த பாதுகாப்புப் பகுதி. தீர்வு, பயாஸ் அப்டேட். இரண்டிலும் ஃபார்மட் போட்டு ஒரு பயனும் இருந்திருக்காது.

அப்போ ஃபார்மட்டே வேண்டாமா?

அப்படி இல்லை. வைரஸ் புகுந்தாலோ, சிஸ்டம் ஃபைல்கள் சிதைந்தாலோ அதுவே சரியான வழியாக இருக்கலாம். ஆனால், அது கடைசிப் படி. அதற்கு முன் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே சில மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். அதிலும் உறைந்தால் பழியை விண்டோஸ் மேல் போட முடியாது. உறையவில்லை என்றால் விண்டோஸையும், டிஸ்கையும் சோதிக்க வேண்டும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. ஃபார்மட்டுக்குக் காசு கொடுக்கும் நாம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காரணம் தேடுபவருக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று கேட்கிறோம். டாக்டரிடம் அப்படிக் கேட்பதில்லையே!

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல கணினிகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இன்னொரு இயங்குதளத்தில் ஓட்டிச் சோதிக்கும் வசதி அப்போதே மாணவர் கையில் இருந்தது. அதைச் சொல்லித்தர ஆள்தான் இல்லை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று 2025-26 பட்ஜெட் அறிவித்தது. கருவியோடு ஒரு மணி நேரப் பழுதறியும் பாடமும் சேர்ந்து வரட்டும். அதுவரை கடையில் "ஃபார்மட் போட்டுரலாமா?" என்று கேட்டால், "எதனால நின்னுச்சுண்ணே?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள்.