ஒரு பெயர், இரு மரங்கள்: வட்டவடையின் கிராண்டிஸ்

யூகலிப்டஸ் காகிதக் கூழுக்கும் அடுப்புக்கும் மட்டுமே ஆகும், தச்சுக்கு உதவாது என்பது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய ஐயமின்றி ஏற்கப்பட்ட முடிவு. இம்முடிவில் மரத்தின் குற்றம் பாதி. பெயரின் குற்றம் மீதி.

பாலக்காடு போன்ற தாழ்நிலங்களில் பெரும்பாலும் நடப்பட்டது யூகலிப்டஸ் டெரிட்டிகார்னிஸ். இது கனமானது, நார் ஓட்டம் பின்னிக் கிடப்பதால் இழைப்புளிக்கு எளிதில் பணியாது. மூணாறு, வட்டவடை, காந்தளூர் உள்ளிட்ட இடுக்கியின் உயர்நிலங்களில் நடப்பட்டது யூகலிப்டஸ் கிராண்டிஸ். இளஞ்சிவப்பு நிறமும் பெரும்பாலும் நேரான நார் ஓட்டமும் உடைய இது, டெரிட்டிகார்னிஸைவிட இலகுவானது. அறுக்கவும் இழைக்கவும் எளிது. இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. எல்லைப்புற உழவர்கள் இலத்தீன் சிற்றினப் பெயரையே பேச்சு வழக்காக்கி, 'கிராண்டிஸ்' என்று தனித்தே சொல்கின்றனர். ஆனால், எடைபோட்டு வாங்கும் சந்தைக்கு இரண்டும் ஒரே 'யூகலி'.

கிராண்டிஸ் குறையற்ற மரம் என்பதன்று. நிற்கும் மரத்தின் புறப்பகுதி இழுவிசையிலும் நடுப்பகுதி அழுத்தத்திலும் இருக்கும். வெட்டியவுடன் இத்தகைவு விடுபடுவதால் அடிமரத்தின் முனைகள் பிளக்கின்றன. அறுத்த பலகை வளைகிறது. தொல்காப்பிய மரபியல் அகத்தே காழுடையதை மரமென்றும் புறத்தே காழுடையதைப் புல்லென்றும் பகுக்கிறது. உள்ளே செல்லச் செல்ல உறுதி என்னும் அவ்வெதிர்பார்ப்பு இங்கே முழுமையாகப் பொருந்தாது. கிராண்டிஸின் மையத்தையொட்டிய இளமைக்காலக் கட்டையே வலுக்குறைந்தது. அடர்த்தி வெளிநோக்கியே கூடுகிறது. கூழுக்காக ஏறத்தாழப் பத்தாண்டில் வெட்டப்படும் மரத்தில் அவ்வலுவற்ற பகுதியே மிகுதி. அதனை அறுத்துப் பார்த்து இனம் முழுவதையும் பழிப்பது முறையாகாது.

இக்குறைகளுக்கு அறிந்த தீர்வுகள் உள்ளன. ஒரு பக்கத்திலேயே தொடர்ந்து அறுக்காமல் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி அறுத்தால் தகைவு சமன்படும். மையப் பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். வெட்டுமுனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, இடையிடையே சிறு சட்டங்கள் வைத்து அடுக்கி, நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். பூச்சி அரிக்கும் வெளிற்றுப் பகுதிக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் காப்பாகும். தென்னாப்பிரிக்காவில் கிராண்டிஸ் 'சலிக்னா' என்னும் வணிகப் பெயரில் அறைகலன் மரமாகிறது. பிரேசிலில் கிராண்டிஸ், யூரோபில்லா கலப்பினப் பலகை 'லிப்டஸ்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அங்கே செய்முறையோடு பெயரும் மாறியது, மதிப்பும் மாறியது.

இது வெறும் பெயராராய்ச்சி அன்று. அயல் இனத் தோட்டங்களை வனநிலத்திலிருந்து படிப்படியாக நீக்கி இயற்கைக் காட்டை மீட்பது 2021-இல் கேரள அரசு வகுத்த கொள்கை. வட்டவடையிலோ தனியார் நிலங்களிலும் இம்மரம் நிற்கிறது. நீரூற்றுகள் வற்றுவதற்கு அதனையே காரணமாகச் சொல்லும் உழவர்கள் அங்குள்ளனர். மரத்தை வெட்டி, வேரையும் அகற்றி, நிலத்தைக் காய்கறிக்கு மீட்கப் பெருஞ்செலவாகும். பருத்த அடிமரமும் விறகு விலைக்கே போனால் அச்செலவுக்கு வழியில்லை. வேரை விட்டுவைத்தால் மறுதாம்பு தழைத்து, சில ஆண்டுகளில் அதே தோப்பு மீண்டும் நிற்கும்.

மரத்துக்கு நல்ல விலை கிடைத்தால் மீண்டும் நடுவார்களே என்னும் அச்சம் நியாயமானது. ஆகவே, நிற்கும் மரத்துக்கு மட்டும், வேரகற்றும் உறுதியோடு அவ்விலை கிடைக்குமாறு விதி வகுக்க வேண்டும். விற்பனைச் சீட்டில் டன் கணக்கோடு சிற்றினம், வயது, சுற்றளவு ஆகியவையும் இடம்பெற வேண்டும். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் மர அறிவியல் அறிவு, தமிழ் பேசும் வட்டவடைக்குத் தமிழிலேயே சென்று சேர வேண்டும். மரத்தை அகற்றுவதே நோக்கமாயினும், அகற்றப்படுவது எது என்று அறிந்து அகற்றுவதே உழவருக்குச் செய்யும் நீதி.