கைராசியைச் சோதிப்போமா?

மாணவ நண்பர்களே, முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் உங்களில் பலருக்கு வீட்டில் பூச்செடி வளர்க்கும் ஆசை வரும். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கன்றை வாங்கி வந்து நடுவீர்கள். பத்தே நாளில் அது பட்டுப்போகும். உடனே வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "உனக்குக் கைராசி இல்லை. பாட்டி கை பட்டால் காய்ந்த குச்சிகூடத் துளிர்க்கும்." நீங்களும் அதை நம்பித் தொட்டியை மூலையில் கவிழ்த்து வைத்துவிடுவீர்கள்.

கைராசி என்று ஒன்று இல்லை என்பது என் கருத்து. ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக நீங்கள் அதை ஏற்க வேண்டாம். எட்டுத் தொட்டிகளும் ஒரு பிடி விதையும் கிடைத்தால் நீங்களே சோதித்து அறியலாம்.

முதலில், கன்று ஏன் பட்டுப்போனது? சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படித்திருக்கிறீர்கள். குளிர் நாடுகளில் இளவேனில் என்பது உறைபனி விலகி மண் மெல்லச் சூடேறும் காலம். நம் இளவேனில் அப்படிப்பட்டதன்று. ஏப்ரல் மாதத்தில் நண்பகல் சூரியன் தமிழ்நாட்டின் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. சிறு தொட்டியிலுள்ள கொஞ்சம் மண் விரைவில் காய்ந்துவிடும். கன்று வாட இது ஒரு காரணம்.

இதற்கு அஞ்சி, வேளைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது மற்றொரு காரணம். வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையேயுள்ள காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடைவெளிகளில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருந்தால் என்னவாகும்? ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். இலை வாடுவதைக் கண்டு நாம் இன்னொரு செம்பு ஊற்றுகிறோம்!

தொட்டியும் கணக்கில் சேரும். மண்பானையில் நீர் குளிர்வது ஏன் என்று படித்திருப்பீர்கள். மண் தொட்டியின் நுண்துளைகள் வழியாகவும் அப்படியே நீர் கசிந்து ஆவியாகிறது. பிளாஸ்டிக் தொட்டியில் அதற்கு வழியில்லை. எனவே மண் தொட்டிக்குப் போதுமான அதே தண்ணீர் பிளாஸ்டிக் தொட்டிக்கு மிகுதியாகிவிடலாம். இதில் ராசிக்கு இடம் எங்கே இருக்கிறது?

இனி நம் சோதனைக்கு வருவோம். வெயிலைத் தாங்கும் அந்திமந்தாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதை மிளகைப் போலக் கறுத்துச் சுருங்கியிருக்கும். அது நச்சுள்ளது, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரே அளவுள்ள எட்டுத் தொட்டிகள், அல்லது அடியில் துளையிட்ட எட்டு டப்பாக்கள் போதும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். எட்டுச் சீட்டுகளில் நான்கில் 'பாட்டி' என்றும் நான்கில் 'நான்' என்றும் எழுதிக் குலுக்குங்கள். எந்தத் தொட்டி யாருக்கு என்பதைச் சீட்டே முடிவு செய்யட்டும். பெயரைத் தொட்டியின் அடியில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று விதைகளைப் போட்டு, முதலில் முளைப்பதை மட்டும் விட்டுவையுங்கள்.

விதைத்ததும், தொட்டிகளைக் கலைத்து ஒரே வெயிலில் வைக்கும் வேலையைத் தம்பியிடமோ தங்கையிடமோ ஒப்படையுங்கள். தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் பொறுப்பு. யாருடைய தொட்டி எது என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். முப்பதாம் நாள் உயரத்தை அளந்துவிட்டுத் தொட்டிகளைத் திருப்பிப் பாருங்கள்.

உயரமான நான்கு செடிகளும் பாட்டியுடையவையாகவே இருந்தால்? எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே கைராசி இல்லாமலே அப்படி அமைவதற்கு 70இல் ஒரு வாய்ப்புதான். அப்படி நேர்ந்தால் என் கருத்தைச் சந்தேகிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சோதனையை மறுபடியும் செய்யுங்கள். நான்கில் இரண்டோ மூன்றோ பாட்டியுடையவை என்றால், அது தற்செயலாகவே அடிக்கடி நிகழக்கூடியது.

இந்தக் கணக்கு எனக்குச் சொந்தமானதன்று. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், 1935இல் வெளியான தம் நூலில் இதை விளக்கினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. அவரை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. எட்டுக் கோப்பைகளை வைத்துச் சோதித்தால் போதும் என்பதே ஃபிஷர் காட்டிய வழி.

அப்படியானால் பாட்டி வைத்த செடியெல்லாம் செழிப்பது பொய்யா? இல்லை. அவர் நாள்தோறும் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார்; இலையைத் திருப்பிப் பூச்சியைத் தேடுகிறார்; வெயில் ஏறினால் தொட்டியை நிழலுக்கு நகர்த்துகிறார். பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்துப் பெற்ற அறிவு அது. அதைக் கைராசி என்று சொல்வது பாட்டியின் அறிவையும் குறைக்கிறது, உங்கள் முயற்சியையும் தடுக்கிறது. ராசி என்றால் அதைக் கற்க முடியாது; கவனிப்பு என்றால் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

"உனக்குக் கணக்கு வராது", "விஞ்ஞானம் உனக்கு ஒத்துவராது" என்ற தீர்ப்புகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். அவற்றையும் சோதிக்காமல் ஏற்காதீர்கள்.

அந்திமந்தாரை ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கத் தொடங்கும். மாலை நான்கு மணி அளவில் மொட்டு விரியும். எத்தனை மணிக்கு விரிகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மேகம் மூடிய நாளில் அந்த நேரம் மாறுகிறதா? அடுத்த சோதனை அதுவாக இருக்கட்டும்.