சிறு தொகையும் பெருங்கடமையும்

இலங்கைத் தீவில் ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் எச்.ஐ.வி. என்னும் நச்சுயிர் தொற்றியவர் சில ஆயிரவரே. வயது வந்தோருள் ஆயிரவருக்கு ஒருவர் என்னும் அளவைக்கூட அத்தொகை எட்டவில்லை. இத்துணைச் சிலருக்காகத் தனிச் சிகிச்சை நிலையங்களும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டுமா? அப்பணத்தை நீரிழிவுக்கும் நெஞ்சுநோய்க்கும் செலவிடலாகாதா? இவ்வாறு வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. ஆயினும் அதற்குரிய விடையை அத்தீவின் வரலாறே தருகின்றது.

1963ஆம் ஆண்டில் இலங்கையில் மலேரியாக் காய்ச்சல் கண்டவர் 17 பேரே. நோய் ஒழிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தனர். மருந்து தெளித்தல் நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டில் அதே காய்ச்சல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. அதன்பின் பல்லாண்டு பாடுபட்டு, 2016ஆம் ஆண்டில்தான் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றினை உலகச் சுகாதார நிறுவனத்திடம் அந்நாடு பெற்றது. எச்.ஐ.வி.யும் இதற்கு விலக்கன்று. பசிபிக் பெருங்கடலில் உள்ள பிஜித் தீவுகளிலும் அத்தொற்று அருகியே இருந்தது. போதைப்பொருளை ஊசிவழி ஏற்றிக்கொள்ளும் தீய பழக்கம் அங்குப் பரவிற்று; ஒருவர் ஊசியைப் பலர் பயன்படுத்தினர். 2024ஆம் ஆண்டில் மட்டும் 1,583 பேருக்குத் தொற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. தொகை சிறிதாயிருக்கும்போதே காவல் வேண்டும் என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமோ?

இலங்கை அரசாங்கம் செய்துள்ள ஏற்பாடுகளுள் தலையாயது, இப்பணியைத் தாய்சேய் நலத்தோடு இணைத்ததேயாகும். குடும்பநல மாது வீடுதோறும் சென்று, கருவுற்ற பெண்டிரைக் கண்டு பெயர் பதிந்துகொள்ளும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியது. அப்பெண்டிரின் குருதியில் சிபிலிசு என்னும் பால்வினை நோய் உண்டா என ஆராய்வதும் முன்பே இருந்தது. அதனுடன் எச்.ஐ.வி. ஆய்வும் சேர்க்கப்பட்டது. தாயர் எல்லோர்க்கும் செய்யப்படும் ஆய்வாதலின் எவரும் நாண வேண்டுவதில்லை. மருந்து பெறாத தாயர் நூற்றுவர் ஈன்று பாலூட்டினால், குழந்தைகளுள் 15 முதல் 45 வரை தொற்று ஏறக்கூடும். தாய் உரிய காலத்தில் மருந்துண்டால் அஃது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகின்றது. இம்முயற்சியின் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றும் நிலையை இலங்கை நீக்கிவிட்டது என்று 2019ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் உறுதி கூறிற்று. புதிய மாளிகை எதுவும் எழுப்பாமல், பழைய கட்டமைப்பைக் கொண்டே ஒரு சிறு நாடு இதனைச் செய்தது போற்றத்தக்கது.

ஆனால் ஏனையோர் நிலை யாது? அயல்நாட்டில் உழைத்து மீளும் தொழிலாளியையும், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மறைந்து வாழ்பவனையும் தேடி எந்த மாதும் வருவதில்லை. அவர்கள் தாமே சிகிச்சை நிலையத்தின் வாயிலை மிதித்தல் வேண்டும். அரசின் பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையங்களில் ஆய்வும் மருந்தும் இலவசமே. எனினும் பலர் உடல் மெலிந்து வீழ்ந்த பின்னரே வருகின்றனர். அவர்களைத் தடுப்பது அச்சம். அருகிய நோயைப் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. காதால் கேட்டதே அவர்கள் அறிவு. 2016ஆம் ஆண்டில், எய்ட்சால் இறந்தவரின் மகன் என்னும் வதந்தியால், ஒரு சிறுவனை அந்நாட்டுப் பள்ளிகள் பல ஏற்க மறுத்தன. அவனுக்குத் தொற்று இல்லை என்று மருத்துவச் சான்று இருந்தது. ஒரு பள்ளியில் அவன் சேர்ந்தபோது, மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டனர். இறுதியில் வேறோர் ஊர்ப் பள்ளியே அவனுக்கு இடமளித்தது. உடனிருந்து படிப்பதாலோ உண்பதாலோ தொடுவதாலோ இந்நோய் தொற்றுவதில்லை என்பதை அப்பெற்றோர் அறிந்திலர். பிள்ளையையே இவ்வாறு விலக்கும் ஊரில், எவன் துணிந்து தன் குருதியை ஆய்வுக்குக் கொடுப்பான்?

‘சிலர்தாமே! அவர்களைத் தனியே அடைத்து வைத்தால் என்ன?’ என்பாரும் உண்டு. கியூபாத் தீவு 1986ஆம் ஆண்டு முதல் அவ்வாறே செய்தது. தொற்றியவர்க்கு உணவும் மருந்தும் உறையுளும் அளித்தது. உரிமையை மட்டும் பறித்தது. தொகை குறைவாகவே இருந்தது உண்மை. ஆயினும் குற்றமற்றவரைச் சிறைவைப்பது எத்தனை நாள் தகும்? 1990களில் அந்நாடே அக்கட்டாயத்தைக் கைவிட்டது. பின்னர், தாய்சேய்த் தொற்றை நீக்கிய முதல் நாடு என்னும் பெருமையையும் 2015ஆம் ஆண்டில் அதுவே பெற்றது.

இன்று அடைத்து வைப்பதற்கு மருத்துவக் காரணமும் இல்லை. நாள்தோறும் தவறாது மருந்துண்பவர் குருதியில் நச்சுயிர் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைகின்றது; அந்நிலையில் உடலுறவு வழியே அவரிடமிருந்து பிறர்க்கு அது தொற்றுவதில்லை. சிகிச்சையே தடுப்பும் ஆகின்றது. ஆதலின் அவர் மாதந்தோறும் தவறாது வருதற்குரிய சூழலே முதல் தேவை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு நாட்டில், தன் ஊரை விட்டு வேறு மாவட்டத்தில் மருந்து பெறும் வாய்ப்பு ஒருவனுக்கு இருத்தல் வேண்டும். மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் அளிக்கும் பயிற்சி பதிவெழுத்தர்க்கும் வாயிற்காவலர்க்கும் கிட்டுதல் வேண்டும். கூட்டத்தின் நடுவே பெயரையும் நோயையும் உரக்கக் கூவி அழைக்கும் ஒரு பணியாளன் போதும், வந்தவன் மறுமாதம் வாராதிருக்க.