தடை போட்டவனே தட்டு விற்கிறான்!

களியக்காவிளை பஸ் நிலையத்தில் நிற்கும் வாலிபர்களின் நெஞ்சில் அந்தப் படத்தைப் பார்க்கலாம். கறுப்புப் பனியன், நடுவே மலைத்தொடர் போல வளைந்து ஓடும் வெள்ளைக் கோடுகள். நல்ல அலங்காரம் என்று நினைத்து வாங்கியிருப்பார்கள். அது 1979-ல் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்துக் கோஷ்டி வெளியிட்ட இசைத்தட்டின் மேலட்டை. கேம்பிரிட்ஜில் 1967-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நட்சத்திரத்தின் வானொலித் துடிப்பைக் காட்டும் விஞ்ஞானப் படம் அது. கோஷ்டியின் பாடகர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஊழியம் பார்த்தவர். ஊர், மான்செஸ்டர் வட்டாரம். ஆம், நம் நெசவாளியின் வயிற்றில் அடித்த துணியைக் கப்பலேற்றிய அதே மான்செஸ்டர்! அந்தத் தட்டு வந்த காலத்தில் அங்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டு வந்தன.

இந்த ரகப் பாட்டுக்கு 'பங்க்' என்று பெயர். பெட்ரோல் பங்கும் அல்ல, வெற்றிலை பாக்குப் பங்கும் அல்ல. உதவாக்கரை, போக்கிரி என்று இங்கிலீஷ்காரன் ஏசும் சொல் அது. 1976-ல் இங்கிலாந்தில் வேலையற்றோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. சர்க்கார் சர்வதேச நிதியத்திடம் கையேந்தி நின்றது. தெருவில் நின்ற வாலிபர்கள் வசைச் சொல்லையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். கிட்டாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மேடையேறு என்றார்கள். சங்கீத வித்வான்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்தத் தட்டுகள் இன்னமும் விற்கின்றன. ஏன்? முதலாளிப் பத்திரிகைப் பண்டிதர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: "காலத்தை வென்ற கலை!" காலத்தை வென்றது எது ஐயா? வேலையில்லாத் திண்டாட்டம் காலத்தை வென்று நிற்கிறது. வாடகைக்காரனின் கொடுமை நிற்கிறது. போலீஸ் தடி நிற்கிறது. அவை நிற்கும் வரை அவற்றைத் திட்டும் பாட்டுக்கும் காது கிடைக்கும். இதைச் சொல்ல மட்டும் பண்டிதர்களுக்கு வாய் வராது.

தட்டுக் கம்பெனிகளின் யோக்கியதையைப் பாருங்கள். 1977, ராணி பட்டமேறிய 25-வது வருஷக் கொண்டாட்டம். செக்ஸ் பிஸ்டல்ஸ் கோஷ்டி ராணியைச் சாடி ஒரு பாட்டு வெளியிட்டது. பி.பி.சி. அதை ஒலிபரப்ப மறுத்தது. அந்த வருஷத் தொடக்கத்திலேயே ஒரு கம்பெனி கோஷ்டியைத் துரத்தியிருந்தது. அடுத்த கம்பெனி கையெழுத்திட்ட சில நாளில் ஒப்பந்தத்தைக் கிழித்தது. மூன்றாவதாக வர்ஜின் கம்பெனி பாட்டை வெளியிட்டது. ஜனங்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். பிறகு? 2015-ல் அதே வர்ஜின் பெயர் தாங்கிய வங்கி, அதே கோஷ்டியின் இசைத்தட்டுப் படத்தை அச்சிட்டுக் கடன் அட்டை போட்டது! அராஜகம் வாழ்க என்று கத்திய பாட்டு வட்டிக்கடைக்காரனின் அட்டையில் ஏறிவிட்டது. 2012-ல் டிஸ்னி கம்பெனி அந்த வெள்ளைக் கோடுகளை மிக்கி மவுஸ் எலியின் உருவத்தில் அமைத்துப் பனியன் விற்றது; கேலி கிளம்பியதும் திரும்பப் பெற்றது. நம் திருப்பூர்த் தோழர்கள் இரவு ஷிப்டில் தைக்கும் ஏற்றுமதிப் பனியன்களிலும் இப்படி யாரோ ஒருவரின் கலகம் அச்சாகிப் போகக்கூடும். தைத்தவருக்குப் பீஸ் கூலி, விற்பவனுக்கு லாபம், பாட்டுக்கு அலமாரி.

ஆனால் அந்தப் பாட்டுகள் வெறும் சரக்கு என்று நாம் சொல்லவில்லை. 1976-ல் பேர்பெற்ற கிட்டார் வித்வான் எரிக் கிளாப்டன் மேடையிலேயே குடியேறிகளுக்கு எதிராக விஷம் கக்கினார். அதற்குப் பதிலாக நிறவெறி எதிர்ப்பு இசை இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30-ல் லண்டன் டிரபால்கர் சதுக்கத்திலிருந்து பெரும் ஊர்வலம் விக்டோரியா பூங்காவுக்கு நடந்தது. அங்கே கிளாஷ் கோஷ்டி பாடியது. அதே கோஷ்டி 1979-ல் இரண்டு தட்டுகளை ஒரு தட்டின் விலைக்குக் கொடுக்கக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றது. லீட்ஸ் நகரத்துக் கேங் ஆப் போர், வீட்டுக்குள்ளும் மனசுக்குள்ளும் சந்தை எப்படி நுழைகிறது என்பதையே பாட்டாக்கியது. இவற்றைக் கேட்கிற வாலிபன் ஏமாளி அல்ல. ஆனால் கோபத்துக்குப் பின்னால் சங்கம் இல்லாத இடத்தில், கோபத்தைக் கம்பெனிக்காரன் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான். இதுதான் நம் அபிப்பிராயம்.

இதெல்லாம் சீமைக் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? நம் எல்லையிலேயே இருக்கிறது கதை. 1952 டிசம்பர் 6-ல் கொல்லத்துக்கு அருகே சவறாவில் 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்' என்ற மலையாள நாடகம் அரங்கேறியது. தோப்பில் பாசி தலைமறைவாக இருந்தபோது சோமன் என்ற புனைபெயரில் எழுதியது. பாட்டு ஓ.என்.வி. குறுப்பு, இசை தேவராஜன். இருவரும் முப்பது வயது எட்டாதவர்கள். பிறைநிலவைப் பொன்னரிவாளாகக் கண்ட அந்தப் பாட்டைக் கே.எஸ். ஜார்ஜும் சுலோசனாவும் பாட, வயலில் நின்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். அன்று களியக்காவிளையும் சவறாவும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். 1956 நவம்பர் 1 வரை நமக்கும் பாறசாலைக்கும் நடுவில் கோடே கிடையாது. 1953-ல் சர்க்கார் நாடகத்துக்குத் தடை போட்டது. குழு கோவளத்தில் தடையை மீறி நடித்துக் கைதானது. இன்று? அந்தப் பாட்டுகள் டெலிவிஷன் போட்டியில் மார்க்கு வாங்குகின்றன. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "என்ன மெட்டு!" என்கிறார். மெட்டுத்தான் தெரிகிறது அவருக்கு. கூலி கேட்டு நின்ற புலையப் பெண் தெரியவில்லை.

நடுவரைத் திட்டி முடித்துவிட முடியாது. நம் மேடைகளும் ஒன்றும் உத்தமமாக இல்லை. பொதுக்கூட்டம் ஆறு மணிக்கு என்றால் ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் பழைய பாட்டைப் போடுகிறோம், கோயிலில் சுப்ரபாதம் போடுவது போல. யாரும் கேட்பதில்லை, கூட்டம் உண்டு என்ற அறிவிப்பாகிவிட்டது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்குப் பாட்டு எங்கே? அண்டி ஆபீஸில் முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் வெந்துபோகும் பெண்களுக்குப் பாட்டு எங்கே? ஓ.என்.வி. எழுதியதைப் பாடினால் போதும் என்பவர்கள், அவர் யாருடைய பழைய பாட்டையும் திருப்பிப் பாடவில்லை என்பதை யோசிக்க வேண்டும்.

சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வாலிபர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். அயோத்திதாசர் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார்கள். சாவு வீட்டுக் கானாவையும் பறையையும் சீமைக் கிட்டாரோடு சேர்த்தார்கள். இடஒதுக்கீட்டையும் ஆணவக் கொலையையும் பெயர் சொல்லிப் பாடினார்கள். சபா ரசிகர்களுக்குச் சங்கடமாயிருந்தால் இருக்கட்டும்.

வருகிற மே தினக் கூட்டத்துக்கு நம் யோசனை இதுதான். பேச்சாளர் பட்டியலில் இருவரைக் குறையுங்கள். அந்த நேரத்தை அண்டி ஆபீஸ் பெண்களுக்கும் பால்வெட்டுத் தொழிலாளருக்கும் விடுங்கள். நம் ஊர்ப் பேச்சு மாதிரியே தமிழும் மலையாளமும் கலந்து, கங்காணியின் பெயரையும் கூலி பாக்கியையும் சேர்த்துப் பாடட்டும். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை. பாறசாலைத் தோழர்களுக்கும் இப்போதே சொல்லி அனுப்புங்கள். செண்டை அவர்கள் கொண்டுவரட்டும்.